கேன்சர்காரருக்கு எதுக்கு டாக்டர் ஐ.சி.யூ.?

இந்தக் கேள்வி என்னிடம் நேராக வருவது அபூர்வம். சுற்றி வளைத்துத்தான் வரும். "பணத்தைப் பத்திக் கவலை இல்ல டாக்டர், அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாமேன்னு பாக்குறோம்." "மெஷின் வச்சிட்டா அப்புறம் எடுக்கவே முடியாதாமே?" "எப்படியும் அந்த வியாதிதானே, நாலு நாள் முன்ன பின்ன..." இந்த மூன்றாவது வாக்கியத்தை மட்டும் யாரும் முடிப்பதில்லை.

குடும்பத்தாரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்களே அப்படித்தான் நினைத்தார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது வார்டிலிருந்து போன் வரும். மூச்சுத் திணறுகிறது, பி.பி. இறங்குகிறது, ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கை வேண்டும் என்பார்கள். கடைசியில் "பேஷன்ட்டுக்கு லிம்ஃபோமா இருக்கு" என்று சேர்த்ததும் இந்த முனையில் குரல் மாறிவிடும். "ஆன்காலஜி கேஸா? வார்டிலேயே வச்சுப் பாருங்க."

உலகம் முழுக்க அன்று அதுதான் நடைமுறை. 1989-இல் அமெரிக்காவின் தீவிர சிகிச்சை இதழ் ஒன்றில் கார்லன் என்ற மருத்துவர் எழுதிய தலையங்கத்தின் தலைப்பே 'வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்' என்கிற ரகம். அன்று அதற்குக் காரணமும் இருந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டு வென்டிலேட்டருக்குப் போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எல்லா கேன்சருக்கும் எல்லா நோயாளிக்கும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். அன்றைய நிலைமை மாறிவிட்டது. பதில் மட்டும் நம் ஊர்க் காத்திருப்போர் கூடங்களில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேன்சர் நோயாளி ஐ.சி.யூ.வுக்கு வருவது பெரும்பாலும் கட்டி வளர்ந்ததால் அல்ல. பெரிய அறுவை சிகிச்சை முடிந்து ஒரு நாள் கண்காணிப்புக்கு வருகிறவர்கள் நிறைய. கீமோ போட்டு வெள்ளை அணு இறங்கி, கிருமி ரத்தத்தில் பரவி வருகிறவர்கள் நிறைய. நிமோனியா ஒரு பெரிய காரணம். ரத்தப் புற்றுநோயில் சிகிச்சை நன்றாக வேலை செய்ததாலேயே வருகிறவர்களும் உண்டு. புற்றணுக்கள் கூட்டமாகச் செத்து, உள்ளே இருந்த பொட்டாசியத்தையும் யூரிக் அமிலமாக மாறும் சரக்கையும் ஒரே நாளில் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறும். அவருக்குச் சில நாள் டயாலிசிஸ் செய்தால் போதும், நோயும் குறைந்திருக்கும், சிறுநீரகமும் திரும்பும். இவரைப் பார்த்து "அந்த வியாதிதானே" என்று சொன்னால் என்ன நியாயம்?

வெள்ளை அணு இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அநியாயமாகப் போவது இங்கேதான். கீமோ போட்ட ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய்விட்டால் ஆபத்தான இடம். சாதாரண ஆளுக்குக் கிருமி வந்தால் சீழ் வைக்கும், வீங்கும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இவை எல்லாம் அந்த அணுக்கள் செய்கிற வேலை. சண்டை போட ஆளே இல்லாத ஊரில் சத்தம் எங்கிருந்து வரும்? எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், தொண்டையில் ஒன்றும் தெரியாது, காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். காலையில் நடந்து டாய்லெட் போனவருக்கு மாலையில் பி.பி. 70. இதில் இன்னொரு வேடிக்கை: வெள்ளை அணு கவுன்ட் திரும்ப ஏறும்போது, நல்ல சேதி என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில், நுரையீரல் திடீரென்று மோசமாகும். அணுக்கள் திரும்பி வந்து சண்டையை ஆரம்பித்திருக்கும். அந்த இரண்டு மூன்று நாளைத் தாண்டிவிட்டால் பலர் பிழைத்துவிடுவார்கள்.

சரி, என்ன மாறியது? ஒரு பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. காய்ச்சல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் என்பது விதியானது. வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் 2002 முதல் வந்தன. கவுன்ட்டை ஏற்றும் ஊசி சாதாரணமானது. 2001-இல் பிரான்சின் போர்தோவில் ஹில்பேர் குழு 52 நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தது. எல்லோரும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், நுரையீரலில் சளி, காய்ச்சல், மூச்சுத் திணறல். பாதிப் பேருக்கு வழக்கமான ஆக்சிஜன், பாதிப் பேருக்கு முகத்தில் இறுக்கமாக மாஸ்க் போட்டு அழுத்தத்தோடு காற்று, நாம் பைபாப் என்று சொல்கிறோமே அது. தொண்டையில் டியூப் போடவேண்டி வந்தது அந்தப் பக்கம் 20 பேருக்கு, இந்தப் பக்கம் 12 பேருக்கு. இறந்தவர்கள் 21-க்கு 13. அதன் பிறகு எல்லா ஊர்களிலும் மாஸ்க் மோகம் பிடித்தது. ஆனால் 2015-இல் 374 பேரிடம் செய்த பெரிய சோதனையில் மாஸ்க்குக்கும் வெறும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசமே தெரியவில்லை: ஒரு மாதத்துக்குள் இறப்பு 24 சதவீதம், 27 சதவீதம். 2018-இல் ஹை ஃப்ளோ ஆக்சிஜனை 776 பேரிடம் பார்த்தார்கள், அங்கேயும் சமம். நான் இதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடத்தில் வெறும் ஆக்சிஜன் போட்டவர்களே அவ்வளவு பேர் பிழைக்க ஆரம்பித்திருந்தார்கள். மூச்சுத் திணறலுக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் எந்த மெஷினைவிடவும் முக்கியம் என்பதும் அதில் தெரிந்தது.

இனி பாரிஸ் கதை. சென் லூயி மருத்துவமனை, ரத்தப் புற்றுநோய்க்குப் பேர்போன இடம். எலி அசூலே என்ற ஐ.சி.யூ. டாக்டரும் அவருடைய குழுவும் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். அதை நான் ரொம்ப மதிக்கிறேன், ஏனென்றால் தங்கள் கண்ணையே சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள். ஐ.சி.யூ.வில் சேர்க்கச் சொல்லி வந்த 206 கேன்சர் நோயாளிகளை வரிசையாகப் பதிவு செய்தார்கள். அதில் 105 பேரைச் சேர்த்தார்கள். 54 பேரை "இவர் கைமீறிப் போய்விட்டார், சேர்த்துப் பயனில்லை" என்று வேண்டாமென்றார்கள். 47 பேரை "இவர் நன்றாகத்தானே இருக்கிறார், ஐ.சி.யூ. தேவையில்லை" என்று வேண்டாமென்றார்கள். 2005-இல் முடிவு வெளியானது. பயனில்லை என்று விட்டவர்களில் நாலில் ஒருவர் ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தார். ஆறு மாதத்திலும் 17 சதவீதம் பேர் இருந்தார்கள். நன்றாக இருக்கிறார் என்று விட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த மாதத்துக்குள் இறந்திருந்தார்.

இரண்டு பக்கமும் கணிப்பு தப்பு. உலகத்திலேயே இந்த விஷயத்தில் அதிக அனுபவம் உள்ளவர்களின் கணிப்பு. இதில் எனக்கு அதிகமாக உறுத்துவது இரண்டாவது கூட்டம். கைமீறியவர் என்று ஒருவரை விடும்போது நாலு பேர் கூடி யோசிக்கிறோம். "நல்லாத்தானே இருக்கார்" என்று விடும்போது யாரும் யோசிப்பதில்லை.

இந்தப் பாடத்தை வைத்து அதே குழு அடுத்து ஒன்று செய்தது. படுத்த படுக்கையாக இருப்பவர், இனி சிகிச்சையே இல்லை என்று ஆனவர், இவர்களைத் தவிர மற்ற கேன்சர் நோயாளிகளை மறுக்காமல் எடுத்துக்கொள்வது. எடுத்தபின் எந்தத் தடையும் இல்லாமல் முழு சிகிச்சை. ஐந்து நாள் கழித்து உட்கார்ந்து பார்ப்பது. வென்டிலேட்டர் தேவைப்பட்டு, கூடவே இன்னொரு உறுப்பாவது பழுதான 188 பேர். 103 பேர் ஐந்தாம் நாள் உயிரோடு இருந்தார்கள். 41 பேர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். ஐந்தில் ஒருவர். குறைவாகத் தெரிகிறதா? பழைய முறைப்படி அந்த 41 பேருக்கும் வார்டிலேயே கதை முடிந்திருக்கும்.

எனக்கு அன்றாடம் உதவுவது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. முதல் நாள் நிலையை வைத்து யார் பிழைப்பார் என்று பிரிக்கவே முடியவில்லை. மூன்று நாளுக்குப் பிறகுதான் நன்றாகப் பிரிக்க முடிந்தது. பிழைத்தவர்களுக்கு உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தேறி வந்தன. மூன்று நாள் கழித்துப் புதிதாக வென்டிலேட்டரோ பி.பி. மருந்தோ டயாலிசிஸோ தொடங்க வேண்டிவந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. முதல் நாள் வராண்டாவில் நின்று "டாக்டர், எத்தனை பர்சன்ட்?" என்று கேட்கிறார்களே, அதற்கு நேர்மையான பதில் மூன்று நாளாவது கழித்துத்தான் என்னிடம் இருக்கும்.

மற்ற ஊர்க் கணக்கையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் 28 ஐ.சி.யூ.க்களில் 717 கேன்சர் நோயாளிகள், 2010-இல் வெளியானது: மொத்தத்தில் 30 சதவீதம் மருத்துவமனையில் இறந்தார்கள். திட்டமிட்ட அறுவைக்குப் பின் வந்தவர்களில் 11 சதவீதம், அவசர அறுவையில் 37, மருத்துவச் சிக்கலோடு வந்தவர்களில் 58. ஒரே வியாதியின் பெயர், மூன்று வேறு உலகம். ஐரோப்பாவில் மூவாயிரம் பேர் கொண்ட ஆய்வு ஒன்றில் கட்டி வகைக் கேன்சர் உள்ளவர்களும் கேன்சரே இல்லாதவர்களும் கிட்டத்தட்ட சம அளவில்தான் இறந்தார்கள். மூன்று உறுப்புக்கு மேல் பழுதானபோதுதான் கேன்சர்காரர்கள் பின்தங்கினார்கள். பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து 1,011 ரத்தப் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்ததில் 60.7 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள், ஒரு வருடம் கழித்து 43 சதவீதம் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து இருந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. ஐ.சி.யூ. போனதற்காக அவர்களில் பெரும்பாலோருக்குக் கேன்சர் சிகிச்சையைக் குறைக்க வேண்டியும் வரவில்லை. இதெல்லாம் நல்ல வசதியுள்ள இடங்களில், ஓரளவு தேர்ந்தெடுத்துச் சேர்த்தவர்களின் கணக்கு. நம் ஊரில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கை பார்க்கிறார் என்பதை வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஐ.சி.யூ. இல்லாமல் தொடங்கவே முடியாத கேன்சர் சிகிச்சைகளும் வந்துவிட்டன. 2012-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்குக் கார்-டி செல் சிகிச்சை கொடுத்தார்கள். லுகேமியா இரண்டு முறை திரும்பி வந்த குழந்தை. அவளுடைய டி அணுக்களையே எடுத்து மாற்றி உடம்புக்குள் விட்டார்கள். அவை சண்டையில் இறங்கியதும் காய்ச்சல் எகிறி, பி.பி. விழுந்து, வென்டிலேட்டர். சாகக் கிடந்தாள். ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சியின் தலைவர் கார்ல் ஜூனுக்கு மூட்டுவாத நோயுள்ள மகள் இருந்ததால், அதை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள். தன் ஏழாவது பிறந்தநாளில் குழந்தை கண் விழித்தாள். இன்று இந்தியாவிலேயே ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 இருக்கிறது, 2023 அக்டோபரில் அனுமதி வாங்கியது. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவரிடம் "கேன்சருக்கு எதுக்கு ஐ.சி.யூ." என்று சொல்ல முடியுமா?

இவ்வளவும் சொன்னதால் எல்லோரையும் சேருங்கள் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரல் புற்று, ஈரலுக்கும் எலும்புக்கும் பரவியாயிற்று, இரண்டு விதமான மருந்து கொடுத்தும் கேட்கவில்லை, கடந்த இரண்டு மாதமாகப் படுக்கையைவிட்டு எழவில்லை. இப்படி ஒரு அம்மாவை வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கேன்சர் டாக்டர் ஐ.சி.யூ. டாக்டர் சொல்வார் என்று இருந்தார், ஐ.சி.யூ. டாக்டர் கேன்சர் டாக்டர் சொல்வார் என்று இருந்தார், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது மார்ஃபினும், மூச்சுக்கு இதமாக ஒரு மின்விசிறியும், பக்கத்தில் பேரப்பிள்ளைகளும். வயது எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. வருவதற்கு முந்தைய மாதம் அவர் எப்படி நடமாடினார் என்பது பெரிய விஷயம். எழுபத்தைந்து வயதில் வாக்கிங் போய்க்கொண்டிருந்தவரும், ஐம்பதில் படுக்கையோடு கிடப்பவரும் ஒன்றல்ல.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. "அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாது டாக்டர். வயித்துல கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம்." மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஊசி போட்டு, முடியெல்லாம் கொட்டி, பெரிய எழுத்தில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று போர்டு மாட்டிய கட்டிடத்துக்கு நடையாய் நடந்தவருக்குத் தெரியாதாம். அவருக்கும் தெரியும், தெரியாததுபோல் அவர் நடிப்பார், இப்படியே ஒரு வருடம் ஓடியிருக்கும். ஐ.சி.யூ. வாசலுக்கு வந்ததும்தான் இதன் விலை தெரியும். டியூப் போடலாமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, தூங்காமல் கண் சிவந்த மூத்த மகனிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

சட்டம் இப்போது கொஞ்சம் கைகொடுக்கிறது. 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பயனில்லாத சிகிச்சையை நிறுத்தலாம், நினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என்றது. நடைமுறை ரொம்ப இழுபறியாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது: நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்துப் போட்டால் போதும், மருத்துவமனையில் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்துச் சொன்னால் நிறுத்தலாம். எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தார் சம்மதத்தோடு இந்த வழி உண்டு. ஆக "மெஷின் வச்சிட்டா எடுக்க முடியாது" என்பது இப்போது உண்மை இல்லை.

ஆனால் இன்றும் பல இடங்களில் நடப்பது வேறு. சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, ஒரு பையன் கையால் பையை அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டே போவான். வீட்டுத் திண்ணைக்குப் போனதும் எடுத்துவிடுவார்கள். வலிக்கு ஊசி கிடையாது, மூச்சுத் திணறலுக்கு மருந்து கிடையாது, கூட ஒரு நர்ஸ் கிடையாது. காசு தீர்ந்த குடும்பத்தை நான் எதுவும் சொல்லமாட்டேன். வென்டிலேட்டர் பில் ஒரு நாளைக்குப் பல ஆயிரம், முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை என்றாலும் அதில் பாதியைக் கீமோவே தின்றிருக்கும். அந்தக் கையெழுத்துப் படிவத்தை நீட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கும் மருத்துவத் துறை மீதுதான் எனக்குக் கோபம்.

அதனால் நான் குடும்பங்களோடு பேசுவது இப்படித்தான். மளிகைக் கடைக்காரர் ஒருவர், ஐம்பது சொச்சம் வயது, லிம்ஃபோமா, இரண்டாவது கீமோ போட்டுப் பத்தாம் நாள் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்து வீட்டிலேயே ராத்திரியைக் கடத்தியிருந்தார்கள். வரும்போது பி.பி. பிடிபடவில்லை. மூத்த மகன் வேண்டாம் என்கிறார், மகள் அழுதுகொண்டே வேண்டும் என்கிறார். நான் சொன்னது: "இந்த வியாதியைக் குணப்படுத்துறதுதான் கேன்சர் டாக்டரோட திட்டம், சும்மா தள்ளிப்போடுறது இல்லை. போன வாரம் வரைக்கும் கடையில உக்காந்திருந்தவர்தானே? அஞ்சு நாள் கொடுங்கம்மா. அஞ்சு நாளும் கையில இருக்கிறதெல்லாம் செய்வோம். மூணாம் நாள் நானே உங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுறேன். பி.பி. மருந்து குறையுதா, சிறுநீர் வருதான்னு பாப்போம். தேறலைன்னா அதையும் நான்தான் சொல்வேன். அப்ப அப்பாவுக்கு வலி இல்லாம பாத்துக்கிறது என் பொறுப்பு." மகன் கேட்ட ஒரே கேள்வி: "அஞ்சு நாளைக்கு எவ்வளவு ஆகும் டாக்டர்?" நியாயமான கேள்வி. அதற்கும் இத்தனை நாள் என்று ஒரு கணக்கு இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். (ஐந்து என்பது வேதவாக்கு இல்லை. நிறையப் பரவிய கட்டிகளுக்கு அதைவிடக் குறைவே போதும், ரத்தப் புற்றுநோய்க்கு இன்னும் அதிகம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.)

அவர் தேறினார். உடனே ஓடியாடவில்லை. கால் தசையெல்லாம் கரைந்து, கட்டிலிலிருந்து எழவே ஒரு மாதம் பிடித்தது. ஐ.சி.யூ.வில் யாரோ தன்னைக் கட்டிப்போட்டதாக ராத்திரியில் கனவு கண்டு கத்துவார் என்று மகள் சொன்னார். பிழைத்தவர்கள் பலருக்கு இது உண்டு, முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பயந்துபோகிறார்கள். மீதிக் கீமோவை அளவு குறைத்து முடித்தார்கள்.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் கீமோ போட்டுக்கொண்டிருப்பவர் இருந்தால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். போகும்போது பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போங்கள். கடைசிக் கீமோ தேதி, மருந்தின் பெயர், கடைசி கவுன்ட், கேன்சர் டாக்டரின் போன் நம்பர், இந்த நாலும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் இருக்கும் சின்ன டாக்டர் "நல்லாத்தானே இருக்கார்" என்றால், கவுன்ட் என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.